சாய்மானம் கழற்றிய பைக்

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் நகர மளிகைக்கடை பார்க்கிங்கில் அந்த அங்கிளை அடிக்கடி பார்ப்பேன். நரைத்த மீசை, தோல் ஜாக்கெட், சோபா மாதிரி சீட் வைத்த பெரிய அமெரிக்க டூரிங் பைக். கிளம்புமுன் பின்சீட்டை மட்டும் கைக்குட்டையால் துடைப்பார்.

ஒருநாள் பின்சீட்டுச் சாய்மானத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தானே இருக்கு அங்கிள், ஏன் கழட்டுறீங்க?”

“இந்த ஊர் வண்டியும் முதல்ல வெறும் சீட்டுதான் தம்பி. அப்புறம் பெட்டி வெச்சான், பாட்டு வெச்சான், சீட்டுக்கு ஹீட்டர் வெச்சான். சாய்மானமும் வெச்சுட்டான். ஈரோட்ல என் வண்டில இதெல்லாம் ஏது? உங்க ஆன்ட்டி என் தோளைப் புடிச்சுக்கிட்டுதான் உக்காருவா.”

கடையிலிருந்து ஆன்ட்டி வந்து பின்னால் ஏறினார். அங்கிள் உடனே கிளம்பவில்லை, கொஞ்சம் காத்திருந்தார்.

வண்டி சிக்னலில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். ஆன்ட்டியின் இரண்டு கைகளும் மளிகைப் பையைத்தான் அணைத்திருந்தன.