தண்ணீருக்கு முன்னே நடந்தவள்

செவ்வந்திக்குக் காலில் சக்கரம். அவள் புருஷன் ரெத்தினம் அப்படித்தான் சொல்வான், அதையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வான். திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள் அவள். வயது நாற்பதைத் தொட்டாயிற்று. வேலையில்லாத நாளில் மற்றப் பெண்கள் ஒருத்திக்கொருத்தி பேன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவளுக்கு உட்கார்ந்தால் உடம்பு நமைக்கும். சந்தைக்குப் போனால் போன வழியே திரும்பமாட்டாள். வாழைத் தோப்பில் புகுந்து, முன்பின் தெரியாத தெருவில் நுழைந்து, யார் வீட்டு எருமை கன்று போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வருவாள். வீட்டிலும் அப்படியே. கூரை வேய ஏணி வைத்தால் கஞ்சிச் சட்டியோடு மேலே ஏறிவிடுவாள். "மேலேர்ந்து பாத்தா நம்ம தெரு எம்மாஞ் சின்னது தெரியுமா!" என்று அங்கிருந்து கத்துவாள். ரெத்தினத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

ஆண்பிள்ளை பொழுதெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் ஏனென்று கேட்க நாதியில்லை. பெண்பிள்ளை காரியமில்லாமல் நாலு எட்டு நடந்துவிட்டால் ஊருக்கே வயிறு வலிக்கும். எங்கடி போறே, எதுக்குடி போறே என்று எதிரில் வருகிறவர்களெல்லாம் கேட்டுக் கேட்டுச் செவ்வந்திக்கு அலுத்துவிட்டது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். சீமெண்ணெய்ப் புட்டியின் கழுத்தில் கயிறு கட்டிக் கையில் தொங்கவிட்டுக்கொண்டாள். புட்டியோடு போகிறவளை எவன் கேட்பான்? திரும்பி வரும்போது, "சீமெண்ணெய் வரலையாம்" என்பாள். அந்தக் காலத்தில் அதை நம்பாதவர் கிடையாது.

கூலிச் சட்டம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. சட்டம் என்னவோ மெட்ராஸிலிருந்து வந்துவிட்டது. களத்தில் கூலி நெல் அளக்கிற மரக்கால் மட்டும் பழையபடியே இருந்தது. குறுவை நடவுக்கு மிராசுதார் துரைக்கண்ணு வெளியூர் ஆட்களை இறக்கப்போகிறார் என்று பேச்சு. கூலியாட்கள் சங்கத் தலைவர் முருகையன் வயல் வரப்பில் செங்கொடியை நட்டுவிட்டார். மிராசுதார் வீட்டுப் பக்கம் போனால் சங்கத்தார் சந்தேகப்பட்டார்கள், கொடிப் பக்கம் போனால் மிராசுதாரின் ஆட்கள் சந்தேகப்பட்டார்கள். வேடிக்கைக்கு நடக்கிறவளுக்கு ஊரில் இடமே இல்லாமல் போயிற்று.

ஆனி மாதம் ஆற்றில் தண்ணீர் வந்தது. வாய்க்கால் மதகைத் திறக்கிறார்கள் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், செவ்வந்தி புட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கோடையெல்லாம் வெடித்துக் கிடந்த வாய்க்காலில் புதுத்தண்ணீர் பாய்ந்து வராது. சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு வெடிப்பாக நிரப்பிக்கொண்டு, ஊர்ந்துதான் வரும். மதகடியில் இறங்கி அதற்கு முன்னால் ஊர்வரைக்கும் நடந்துவிட வேண்டும், தண்ணீர் குதிகாலைத் தொட்டால் தோற்றுப்போனாள், இதுதான் அவள் வைத்துக்கொண்ட பந்தயம். வாய்க்கால் நல்ல ஆழம். கரையில் போகிறவர் கண்ணில் படமாட்டாள்.

ஆனாலும் ஒருத்தி பார்த்துவிட்டாள். துரைக்கண்ணுவின் கொல்லைக் கதவு வாய்க்காலைப் பார்த்துத் திறக்கும். அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி மங்களாம்பிகை நின்றிருந்தாள். கோயிலுக்குப் போவதென்றாலும் புருஷனைக் கேட்டு, துணைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போகிற அம்மாள்.

"என்னடி பண்றே அங்க?"

"தண்ணிகூடப் பந்தயம் வுடுறேம்மா. இதுவரைக்கும் நான்தான் முந்தி."

மங்களாம்பிகை திரும்பிக் கொல்லையைப் பார்த்தாள். யாருமில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கியே விட்டாள். இரண்டு பேரும் நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். மங்களாம்பிகை வழுக்கி மண்டியிட்டு விழுந்தாள்; தண்ணீர் வந்து அவள் முழங்காலைச் சுற்றிக்கொண்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மாள் சிரித்துச் செவ்வந்தி பார்த்ததே இல்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாதே செவ்வந்தி. தெரிஞ்சா இந்தக் கதவையும் அடைச்சுடுவாங்க."

"செத்தாலும் சொல்லமாட்டேம்மா."

அப்போதுதான் களத்துப் பக்கம் புகை எழும்பியது. துரைக்கண்ணுவின் வைக்கோல் போர் பற்றி எரிந்தது. மங்களாம்பிகை அலறியடித்துக்கொண்டு கரையேறி உள்ளே ஓடினாள்.

பொழுது சாய்வதற்குள் மிராசுதார் வீட்டு வாசலில் ஊர் கூடிவிட்டது. செவ்வந்தி சீமெண்ணெய்ப் புட்டியோடு போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகக் பண்ணையை மேற்பார்க்கிற காரியக்காரர் பஞ்சநதம் சொன்னார்.

"எங்கடி போனே?" என்றார் துரைக்கண்ணு.

"வாய்க்கால்ல தண்ணிக்கு முன்னாடி நடந்து வந்தேங்க."

"எதுக்கு?"

"சும்மாதாங்க."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதானே சொல்வார்கள், இவள் கையில் சீமெண்ணெய்ப் புட்டி வேறு.

முருகையன் பக்கத்தில் வந்து பல்லிடுக்கில் பேசினார். "ரேஷன் கடையில நின்னேன்னு சொல்லு. நாலு பேரைச் சாட்சிக்கு நான் நிறுத்துறேன்."

"நான்தான் அங்க நிக்கலையே அண்ணே."

"நீ உள்ள போனா அதையே சாக்கா வச்சு வெளியூர் ஆளை இறக்கிடுவாங்க. வெளையாடுறியா?"

செவ்வந்திக்கு ஆத்திரமாக வந்தது. பொய்யைச் சொல் என்கிறவர் தன் பக்கத்து ஆள். உண்மையைச் சொன்னால் சிரிக்கிறவர்களும் தன் தெருக்காரர்கள்தான். ஒரு பெயரைச் சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். சொல்லவில்லை. போலீசுக்கு ஆள் அனுப்பச் சொன்னார் துரைக்கண்ணு. அப்போதும் சொல்லவில்லை.

"அவ தீ வைக்கல." நிலைப்படியில் மங்களாம்பிகை நின்றிருந்தாள். "பொகை வந்தப்ப அவ வாய்க்கால்லதான் இருந்தா. நானும் கூட இருந்தேன்."

துரைக்கண்ணு மெதுவாகத்தான் கேட்டார். "அங்க உனக்கு என்ன வேலை?"

மங்களாம்பிகை உள்ளே போய்விட்டாள். கூட்டம் கலைந்தது. போர் எப்படிப் பற்றியது என்பது கடைசிவரை தெரியவில்லை. பண்ணையாள் எவனோ போட்ட பீடி என்று பேசிக்கொண்டார்கள். ஒரு வாரம் இழுத்துப் பேசி, உள்ளூர் ஆட்களுக்கே நடவு என்று முடிவாயிற்று. சேரியே சந்தோஷப்பட்டது. செவ்வந்திக்கு மட்டும் உள்ளே போன அந்த அம்மாளின் நினைப்பாகவே இருந்தது.

நடவுக்கு முந்தின நாள் பஞ்சநதம் வந்தார். "கொல்லை வாசலைச் சுவர் வச்சு அடைக்கிறோம். செங்கல் சுமக்க வா. கூலி களத்துக் கூலியவிடச் சேத்தே தர்றாரு ஐயா."

"அந்த வாசலை அடைக்க நான் ஒத்தச் செங்கல்லு தொடமாட்டேன். போய்ச் சொல்லுங்க."

"அப்படின்னா நாளைக்கு நடவுக்கும் இந்தப் பக்கம் வராதே."

"வரல."

பஞ்சநதம் வேறு இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் சுவர் எழும்பிவிட்டது. ரெத்தினம் அடுப்படியில் நின்று குதித்தான். சங்கம் இத்தனை பாடுபட்டு வாங்கிக்கொடுத்த வேலையை வாய்க்கொழுப்பில் தொலைத்துவிட்டாளே என்று அவனுக்குத் தாளவில்லை.

"அந்த அம்மாவுக்காக நம்ம வயித்துல அடிச்சிட்டியேடி. அவங்க நமக்கு என்ன உறவு? மாமன் மவளா, மச்சான் மவளா?"

செவ்வந்தி அழுதுகொண்டே அடுப்பை ஊதினாள்.

"என்கூட ஓடுனவங்க" என்றாள்.