பட்டினி கிடக்காத இளவரசன்

என் மகன் ஒரு மாயக்கதை எழுதி, எனக்குப் படித்துக் காட்டினான். அரக்கனைக் கொல்லப் போன இளவரசன் காட்டில் வழி தவறி, ஒரு மந்திரத் தட்டைத் தட்டுகிறான். உடனே விருந்து வருகிறது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

சின்ன வயதில், பிள்ளையார்பாளையத்தில், அடைமழை பிடித்தால் அப்பா கால் இறக்கி உட்கார்ந்து நெய்யும் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடும். பட்டு நூலும் ஈரம் வாங்கிக்கொள்ளும். அப்பாவால் நெய்ய முடியாது. நெய்யாவிட்டால் கூலி இல்லை, அடுப்பும் எரியாது. அப்பா குழித் தண்ணீரை மொண்டு மொண்டு தெருவில் ஊற்றுவார். பசி தெரியாமல் இருக்க அக்கா எனக்குக் கதை சொல்லுவாள். அவளும் ஒரு நாள் இப்படித்தான், அரக்கனோடு சண்டைக்குப் போன இளவரசனுக்குப் பசித்ததும் ஒரு தேவதையை அனுப்பி நெய்ச்சோறு போட்டாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. “அவன் மட்டும் துன்றான். நிறுத்துக்கா.”

“பட்டினி போட்டா செத்துடுவான்டா, பாவம்.”

“நாம செத்தா பூட்டோம்?”

அக்கா கதையை மாற்றினாள். நெய்ச்சோற்றைத் திருப்பி அனுப்பிவிட்டாள். இளவரசன் ஈர மண்ணைக் கையால் தோண்டி ஒரு கிழங்கு எடுத்தான். அதிலும் பாதியைத் தன் குதிரைக்குக் கொடுத்தான். இவன் அரக்கனை ஜெயிப்பான் என்று அப்போதுதான் நம்பினேன். அன்றைக்குப் பசியோடு நான் தனியாக இல்லை.

மகனிடம் இதைச் சொன்னேன்.

“மொதல்லயே பட்டினி போட்டா யாருப்பா படிப்பாங்க?” என்று சிரித்தான். அடுத்த பக்கத்துக்குப் போனான். அங்கே இளவரசன் ஒரே வெட்டில் அரக்கனைக் கொன்றுவிட்டான். அரக்கன் செத்ததில் எனக்குச் சந்தோஷமே வரவில்லை.