நாற்பது மைல் என்று நம்பியவர்

ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே டாக்ஸி ஓட்டிய பெரியண்ணனுக்கு அந்தக் குட்டிக் கார் கைக்கு வந்தது ஐம்பத்துமூன்றில். ஒரு காலன் பெட்ரோலுக்கு நாற்பது மைல் ஓடும். பெட்ரோல் முள் செத்து நாலு வருஷமாகியும் அவர் மாற்றவில்லை. எவ்வளவு போட்டோம், எவ்வளவு ஓடினோம் என்பது மனசிலேயே இருந்தது.

அறுபத்தொன்று சித்திரையில் ஒருநாள், இரண்டு காலன் போட்டுக்கொண்டு கல்யாணக்காரர்களை வையம்பட்டியில் கொண்டுபோய் இறக்கினார். முப்பத்தெட்டு மைல். திரும்பும்போது ரத்தினவேல் என்ற விவசாயி ரோட்டில் இரண்டு கையையும் விரித்து மறித்தார். அவர் மனைவி வீராயிக்கு முதல் நாளே வலி கண்டிருந்தது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, திருச்சிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள்.

மணப்பாறை பெட்ரோல் பங்கில் முன்னால் ஒரு லாரி நின்றது. பத்து நிமிஷமாவது ஆகும். பின்சீட்டில் ரத்தினவேல் தாங்கிப் பிடிக்க, வீராயி பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தாள். போக முப்பத்தெட்டு, வர முப்பத்தைந்து. எண்பதுக்குள்தானே என்று பெரியண்ணன் நிற்காமல் விட்டார்.

திருச்சியை நெருங்கி, ராம்ஜிநகருக்கு ஒரு மைல் இருக்கையில் கார் இரண்டு தரம் குலுங்கி நின்றது.

"ஏண்ணே நிறுத்துறீங்க?" என்றாள் வீராயி.

"என்ஜின் சூடாயிடுச்சும்மா. இப்ப எடுத்துடலாம்."

இறங்கிப்போய் டேங்க் மூடியைத் திறந்து ஒரு வேப்பங்குச்சியை விட்டுப் பார்த்தார். காய்ந்தே வந்தது. உச்சிவெயிலில் ரோட்டில் ஒரு வண்டி இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு செங்கல் லாரி வந்து ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பிழைத்தது. வீராயி பிழைக்கவில்லை.

வராந்தாவில் ரத்தினவேல் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ஜின் சூடுதானேண்ணே?" என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றார் பெரியண்ணன்.

அதன் பிறகு கார் காலியாக ஓடும்போதும் பின்சீட்டில் ஆள் கனம் இருப்பதாகவே அவருக்குப் பட்டது. காவிரிப் பாலத்தில் ஸ்பிரிங் கிறீச்சிட்டால் பல் கடிப்பதுபோல் கேட்கும். பட்டப்பகலில், சவாரியோடு பேசிக்கொண்டு வரும்போதே, காதுக்குப் பின்னால் "ஏண்ணே நிறுத்துறீங்க?" என்று வரும். அவர் மனைவி வெள்ளையம்மாள் சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டாள். சீட்டு உறையை மாற்றித் தைத்துப் போட்டாள். ஒன்றும் விலகவில்லை. பத்துப் பன்னிரண்டு மைல் எங்கே போயிற்று என்பதுதான் அவரைத் தின்றது. யாரோ பெட்ரோலைத் திருடியிருக்க வேண்டும், டேங்க் ஒழுகியிருக்க வேண்டும் என்று ஏங்கினார். ஆனால் வண்டியை யாரிடமும் காட்டப் பயம்.

மூன்று வருஷம் கழித்துத்தான் பொன்மலைக்குக் கொண்டுபோனார். ரயில்வே பட்டறை ஃபிட்டர் செபஸ்தியான், லீவு நாளில் வீட்டு வாசலில் கார் பார்ப்பவர்.

"ஒழுகலைங்க, திருட்டும் இல்ல," என்றார் செபஸ்தியான். "கார்புரேட்டர் ஊசி தேஞ்சுபோய் தேவைக்கு மேல பெட்ரோல் உள்ள போகுது. பிரேக் விடாம உரசுது. டயர்ல காத்து கம்மி. பிளக்கெல்லாம் கரி. ஒவ்வொண்ணும் காலனுக்கு ஒரு மைல், ஒண்ணரை மைல்னு தின்னுருக்கு."

"எப்பலேர்ந்துங்க?"

"நாள் குறிச்சுச் சொல்ல முடியாது. கொஞ்சங் கொஞ்சமா நடக்கிறது. புதுசுல நாப்பது குடுத்திருக்கும். அப்புறம் எப்பவாவது அளந்து பார்த்தீங்களா?"

அளக்கவில்லை. நாற்பது என்று சொல்லிக்கொண்டே அந்த நாள்வரை எட்டு வருஷம் ஓட்டியிருந்தார்.

செபஸ்தியான் தேய்ந்ததை மாற்றி, உரசியதைச் சரிசெய்து கொடுத்தார். பெரியண்ணன் ஒரே ஒரு காலன் ஊற்றி, இன்னொரு டின்னைப் பின்னால் வைத்துக்கொண்டு, புதுக்கோட்டை ரோட்டில் நிற்கும்வரை ஓட்டிப் பார்த்தார். முப்பத்தெட்டு மைல் வந்தது. பின்னால் இருந்த டின்னை எடுத்து ஊற்றினார். செபஸ்தியானுக்கு ஒரு பகல் வேலை. அவ்வளவுதான் இருந்திருக்கிறது.

மறுநாள் காலை வையம்பட்டிக்குப் போனார். ரத்தினவேல் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு என்ஜின் சூடாகலைங்க. பெட்ரோல் தீந்துடுச்சு. மணப்பாறையில போட்டிருக்கலாம். போதும்னு நெனச்சுட்டேன்."

ரத்தினவேல் கைவேலையை முடித்துவிட்டுத்தான் திரும்பினார். "நீங்க குச்சி விட்டுப் பார்க்கிறப்ப நானும் இறங்கிப் பின்னாலதான் நின்னேன். ஆஸ்பத்திரியில கேட்டப்பவே சொல்லிடுவீங்கன்னு பார்த்தேன்."

பெரியண்ணன் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அந்த முக்கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா பிழைச்சிருப்பாளான்னு டாக்டரைக் கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியல. அதையேதான் நானும் தெனம் கேட்டுட்டிருக்கேன்." சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "குடிச்சுட்டுப் போங்க. மறுபடி மட்டும் வராதீங்க."

வெளியே மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்று கார் விளக்கில் தெரிந்த தன் முகத்தை விரலால் தொட்டுக்கொண்டிருந்தது. அது தானாக நகர்ந்து போகும்வரை பெரியண்ணன் வண்டியை எடுக்கவில்லை.

அறுபத்தொன்பது வரை அவர் டாக்ஸி ஓட்டினார். வையம்பட்டி வழியாகப் போகும் திண்டுக்கல் ரோட்டுச் சவாரிக்கு யார் கூப்பிட்டாலும், பேசாமல் பக்கத்து வண்டியைக் கைகாட்டிவிடுவார்.