பூசாமல் விட்ட இடம்

எனக்கு மூத்தவள் ராத்தா. அவளுக்கு வலிப்பு இருந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாயால் எடுப்பதில்லை. "அது" என்றுதான் சொல்வோம். அது வந்தால் அயலவர்கள் ஓடி வந்து அவள் கைக்குள் கதவுப் பூட்டுகளின் திறப்புக் கோர்வையைத் திணிப்பார்கள். இரும்பு பட்டால் நின்றுவிடுமாம். நான் அதைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்துவிட்டு, டொக்டர் சொன்னபடி அவளை ஒருக்களித்துப் படுக்க வைப்பேன். எறிந்த திறப்புகளைத் தேடிய சண்டைகளில்தான் எனக்கு வாயாடி என்ற பெயர் வந்தது.

ராத்தா அதை வரைவாள். அது வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இடப்பக்கத்தால் ஒரு மஞ்சள் ஊர்ந்து வருமாம். அதன் ஓரம் மரம் அறுக்கிற வாளின் பல்லு மாதிரி இருக்குமாம். பிறகு எல்லாம் சிவப்பு. பிறகு அவள் இல்லை.

எங்கள் பக்கம் பெண்ணுக்குக் கலியாணம் என்றால் முதலில் அவளுக்கு ஒரு வீடு வேண்டும். மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். வாப்பா ராத்தாவுக்குக் கட்டிய வீடு, யுத்தத்தில் பாதை மூடுவதும் சீமெந்து வராமல் போவதுமாக இழுபட்டுக்கொண்டே கிடந்தது. கதவு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டை எல்லாம் பொறுக்கி, அதற்குள் அவள் உள்ளறைச் சுவர் முழுக்க வரைந்து முடித்துவிட்டாள். மஞ்சள், வாள் பல்லு, சிவப்பு. நடுவில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு ஒன்றும் பூசாமல் வெறும் சீமெந்தாக விட்டிருந்தாள். வீட்டில் சித்திரம் வரைகிறாள் என்று யாரோ கோள் சொல்ல, பள்ளிவாசல் லெப்பை வந்து பார்த்தார். உயிருள்ளதை வரையக் கூடாது என்பதால், கண்ணோ மூக்கோ கிடைக்குமா என்று சுவரை மேலும் கீழும் தேடினார். ஒன்றும் கிடைக்காததால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

கல்முனைக்குடியில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவருக்கு அவளைப் பேசி வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் வலிப்பைக் கேள்விப்பட்டு முறிந்திருந்தது. மூன்றாவதும் முறிந்தால் அவள் காலம் முழுக்கத் தனியே இருக்கவேண்டியதுதான் என்று உம்மா பயந்தார். இந்த முறை வாயே திறக்கக் கூடாது, சுவருக்கும் வெள்ளை அடித்துவிட வேண்டும் என்றார்.

"இத மறைச்சா அவர் கலியாணம் முடிக்கிறது என்னய இல்ல உம்மா. வேற ஆரையோ," என்றாள் ராத்தா.

வாப்பா நடுவில் புகுந்து, வெள்ளை வேண்டாம், ஒரு சீலையைக் கட்டி மறைப்போம் என்று சமாதானம் பண்ணினார். அது யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் சீலை தொங்கியது.

மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வந்தார். பெண்ணைப் பார்த்ததை விட வீட்டைத்தான் பார்த்தார். ஜன்னல்களைத் திறந்து மூடினார், கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தார், கடைசியில் சீலையையும் தூக்கினார். சுவர் அவருக்குப் பிடித்துத்தான் போனது. நடுவில் தெரிந்த வெறும் சீமெந்தைக் காட்டி, இதுக்கு மட்டும் பெயின்ட் போதாமல் போய்விட்டதா என்று கேட்டார். உம்மா அவசரமாக ஓம், ஓம், வாற கிழமை பூசிவிடுவோம் என்றார்.

சர்பத் தட்டைக் கீழே வைத்தாள் ராத்தா.

"பெயின்ட் இரிந்த, மாமி. எனக்கு வலிப்பு வாற. வந்தா கொஞ்ச நேரம் நான் இல்ல. அந்த இடந்தான் அது."

அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும் போலவும், தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும் போலவும் எனக்கு இருந்தது. வந்தவர் சர்பத்தைத் தொடாமலே எழுந்து போனார். உம்மா ராத்தாவோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். நான் இருவரோடும் சண்டை பிடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பாவோடு மாப்பிள்ளையே வந்தார். அப்படி வருவது எங்களிடம் வழக்கமில்லை. சுவருக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு, அது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் நின்றபடி நானே மளமளவென்று சொன்னேன்: ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், திறப்புக் கொடுக்கக் கூடாது, கண் திறக்கும்போது ஆள் பக்கத்தில் இருக்கணும்.

"பக்கத்துல ஆர் இரிக்கிற?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றேன் வெடுக்கென்று.

"அப்ப எனக்கும் பழக்குங்க," என்றார். தன் உம்மாவோடு கதைத்து முடித்துவிட்டதாகவும் வாப்பாவிடம் சொன்னார்.

கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவை அது வந்தபோது நான் ஓடிப்போனேன். மச்சான் எனக்கு முன்னமே அவளை ஒருக்களித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்தார். என் வேலை பறிபோனதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

சில நாட்களில் ராத்தா கோபத்தோடு என்னைக் கூப்பிட்டாள். வெறும் சீமெந்தின் கீழ் மூலையில், கதவுக்கு அடித்த நீலத்தில், கோணலாக ஒரு சின்னக் கோடு. நீயா கீறினாய் என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். கையில் கிறீஸோடு வந்த மச்சான் தலையைச் சொறிந்தார்.

"அது நான். நீ இல்லாத நேரம் நான் அங்கதான் இரிந்த."

சித்திரத்தைப் பாழாக்கிவிட்டார் என்று அன்று முழுக்க அவரை ஏசித் தீர்த்தாள். அழித்துவிடலாம் என்று நான் சீமெந்து குழைத்துக்கொண்டு போனேன். அதில் கை வைக்காதே என்று எனக்கும் ஏச்சு விழுந்தது.

பிறகு ஹார்ட்போர்ட் துண்டுகளில் நிறைய வரைந்தாள். அதற்கு அரூப ஓவியம் என்று பெயர் என்று ஒரு சித்திர ஆசிரியர் சொன்னார். எல்லாவற்றிலும் நடுவில் ஒரு வெறும் இடம் இருக்கும், அதன் கீழ் மூலையில் கோணலாக ஒரு நீலம் இருக்கும். அந்த நீலத்துக்கு மட்டும் பிரஷை மச்சானின் கையில் கொடுப்பாள்.