ஒரு சொட்டு ஒழுகாத படகு

அரிமளம் பஸ்ஸில் ஏறினால் இன்றைக்கும் நான் ஜன்னலோரம் உட்காருவதில்லை. கண்மாய்க்கரை வளைவில் பஸ் நின்றால் போதும், கரையில் நிற்கிற யாராவது என்னை அடையாளம் கண்டுகொண்டு, "என்னப்பா, கப்பல் மிதக்குதா?" என்று கேட்டுவிடுவார்கள். ஒருமுறை கண்டக்டரே கேட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. அந்த பஸ்ஸுக்குப் பாடி கட்டியவர்களில் நானும் ஒருவன் என்பது அவருக்குத் தெரியாது.

பட்டறையில் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எவரோ படகு தீப்பிடித்தது என்று கூடச் சொல்லியிருக்கிறார். அதற்கு, நடந்ததை நானே எழுதிவிடுவது மேல்.

1. ஸ்டோர் ரூம் கதவு

புதுக்கோட்டையில் பஸ், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் எனக்கு வேலை. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். தாலுகா ஆபீஸ் வேலைக்கு அப்பா ஆள் பிடித்து வைத்திருந்தார். எனக்கோ இன்ஜின் சத்தம் கேட்டால்தான் சோறு இறங்கும். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பட்டறையில் போய் நின்றேன்.

அது ஐப்பசி மாதம். நல்ல மழை. கருப்பையா மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மொதல்ல ஸ்டோர் ரூமைத் தொறந்து ஸ்பேனர் செட்டை எடுத்துட்டு வா" என்றார். கதவு அசையவில்லை. பூட்டு இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. தோளால் ஓங்கி இடித்தேன். கதவு திறந்தது. நான் உள்ளே அடுக்கியிருந்த தகரத்தின் மேல் போய் விழுந்தேன்.

"எஸ்.எஸ்.எல்.சி. உள்ள விழுந்துருச்சு டோய்!" என்று டிங்கர் சுப்பன் கத்தினான். பட்டறை முழுக்கச் சிரிப்பு.

"மழை பெஞ்சா அது அப்படித்தான்டா" என்றார் மேஸ்திரி. "ஊதிப்போயி நெலையோட இறுகிக்கிரும். வருசா வருசம் நான்தான் எழைக்கிறேன். சித்திரையில பாரு, அது பாட்டுக்குக் காத்துல ஆடும்."

2. ரங்கூனிலிருந்து வந்தது

சில வருடங்கள் கழித்து ஒரு மழைக்காலம். எங்கள் பட்டறை வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. தார்ப்பாயை விலக்கினால், உள்ளே ஒரு மோட்டார் படகு. கூடவே காரில் அரிமளத்துச் செட்டியார் ஒருவர் வந்து இறங்கினார். யுத்தத்துக்கு முன்னால் ரங்கூனில் தொழில் செய்தவர். அங்கே ஏரியில் சவாரி போவதற்காகச் செய்த படகு அது. யுத்தம் வருவதற்குள் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அது அவர் வீட்டுக் கார் ஷெட்டில், தண்ணீரைக் கண்ணால் பார்க்காமல் கிடந்தது.

நல்ல தேக்கு. பித்தளைக் கைப்பிடிகள் பச்சை பிடித்திருந்தன. இன்ஜின் துருப்பிடித்து ஒரே கட்டியாக இருந்தது. நான் உள்ளே இறங்கிப் படுத்து அண்ணாந்து பார்த்தேன். பக்கவாட்டில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே வெயில் கோடு கோடாக விழுந்தது. அத்தனை வருடம் காய்ந்து பலகை சுருங்கியிருந்தது.

"கண்மாய் நெறைஞ்சிருக்கு" என்றார் செட்டியார். "தண்ணி வயலுக்குப் போறதுக்குள்ள இதை எறக்கணும். ஆச்சி ஏறணும்."

ஆச்சி என்றால் அவர் மனைவி. "ரங்கூன்ல இதுல யார் யாரோ ஏறினாக. வெள்ளைக்காரன் ஏறினான், அவன் நாய்கூட ஏறுச்சு. ஆச்சி ஏறலை. அப்பல்லாம் எங்க வீட்டுப் பொம்பளைகளைக் கப்பலேத்த மாட்டோம். இத்தனை வருசம் கழிச்சு இப்பத்தான் ஒத்துக்கிட்டா. அதுவும் ஒரே ஒரு தடவை. மறுபடி கூப்பிடக் கூடாதுன்னு கண்டிசன்."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "ஐயா, நாங்க பஸ் பாடி கட்டுறவுக. படகு பழக்கமில்லையே."

"பஸ்ஸுக்குள்ள மழைத்தண்ணி வராமக் கட்டுறீகள்ல? அதே மாதிரி இதுலயும் வராமப் பாத்துக்கங்க."

இதில் என்ன தவறு என்று எங்களுக்குத் தெரியவில்லை. எனக்கோ, வாயில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. மேஸ்திரி பதில் சொல்லுமுன் நான் சொன்னேன்: "செஞ்சிரலாம்யா!"

3. ஊசி நுழையாத வேலை

மரவேலை மேஸ்திரியுடையது. மற்றதெல்லாம் என்னுடையது. லைப்ரரியில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் ஸ்பீட் போட் படம் பார்த்திருந்தேன். அதைப் போலச் செய்துவிட வேண்டும் என்று வெறி. பழைய இன்ஜினைக் கழற்றி மூலையில் போட்டேன். மிலிட்டரி டிஸ்போசலில் கழித்து விற்ற ஜீப் இன்ஜின் ஒன்றை இறக்கி, கியர்பாக்ஸோடு ஷாப்ட்டை இணைத்தேன். கார் ஸ்டியரிங், இரண்டு ஹெட்லைட், சிவப்பு ரெக்ஸின் போட்ட பஸ் சீட், ரப்பர் பந்து வைத்த ஹாரன். முன்பக்கம் தகரத்தில் ஒரு கூர்மூக்கு. க்ரீம் கலர் ஸ்ப்ரே அடித்து, இடுப்பைச் சுற்றி மஞ்சள் கோடு இழுத்தோம். பார்க்க, சக்கரம் இல்லாத எக்ஸ்பிரஸ் பஸ் போலவே இருந்தது. எங்களுக்கு அதுதான் அழகு.

மேஸ்திரி ஒவ்வொரு இடுக்கையும் அளந்து, அதற்கேற்ற தேக்குப் பட்டை சீவி, பசை தடவி, சுத்தியலால் இறுக அடித்து ஏற்றினார். மேலே பட்டி பூசித் தேய்த்தார். "ஊசி நுழையக் கூடாதுடா" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். அத்தனை பொறுமையாக அவர் எந்த பஸ்ஸுக்கும் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் படகை முட்டுக்கட்டை மேல் தூக்கி வைத்து, கீழே பழைய காகிதத்தை விரித்து, உள்ளே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். காகிதம் மொடமொடவென்று இருந்தது.

செட்டியார் குனிந்து காகிதத்தைத் தடவிப் பார்த்தார். "ஒரு சொட்டு இல்லையே! ரங்கூன்ல புதுசா எறக்கினப்பக்கூட மொத ரெண்டு நாள் ஒழுகுச்சு. நீங்க அவுகளை மிஞ்சிட்டீக."

மேஸ்திரிக்கு முகமெல்லாம் பல். நான் ஹாரனை அழுத்தினேன்.

4. மஞ்சள் கோடு

ஆச்சி ஏறுவதற்கு ஒரு நாள் காலையில் நல்ல நேரம் குறித்திருந்தார்கள். அதற்கு முதல் நாள் மத்தியானமே படகைக் கண்மாயில் இறக்கிவிட்டோம். நானும் மேஸ்திரியும் ஒரு சுற்று வந்தோம். ஜீப் இன்ஜின் உறுமியது. மாடு மேய்க்கிறவர்கள் விசில் அடித்தார்கள். கரையில் கட்டிப்போட்டு, காவலுக்குச் சுப்பனை வைத்துவிட்டுப் போனோம். அன்று ராத்திரி மழை.

காலையில் உள்ளே நின்ற மழைத்தண்ணீரை இறைத்துவிட்டு வெளியே பார்த்தேன். நேராக இழுத்த மஞ்சள் கோடு அங்கங்கே நெளிந்திருந்தது. எங்கேயோ சொடக்குப் போடுவது போல ஒரு சத்தம். சற்று விட்டு இன்னொன்று.

"மேஸ்திரி, கோடு நெளியுது."

"பெயிண்டு காயலைடா. மழையில நனைஞ்சுபோச்சு."

"சத்தம் வருதே?"

"புது வேலை. அப்படித்தான் உக்காரும்."

சீட்டுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தோம். அதன் மூடி திறக்கவில்லை. கையால் குத்தினேன், காலால் உதைத்துத் திறந்தேன். அப்போதும் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

இரண்டு கார் நிறையச் செட்டியாரின் பங்காளிகள் வந்தார்கள். ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "அண்ணே, என்னைக்கோ ஒருநா நெறையிற கண்மாய்க்கு ஒரு கப்பல். அடுத்தது ஏரோப்ளேன் வாங்கிக் களத்துமேட்டுல எறக்கிப்புடுங்க!"

ஆச்சி பட்டுப்புடவையில் வந்தார்கள். அந்தப் பேச்சைக் காதில் வாங்காதவர்கள் போல நேராகப் படகுக்கு வந்தார்கள். "அப்பு, கை குடு" என்று என் கையைப் பிடித்து ஏறினார்கள். சீட்டைத் தடவிப் பார்த்து, "பஸ்ஸு மாதிரியே இருக்கே. டிக்கெட்டு கிழிப்பியா?" என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்த செட்டியார் சின்னப் பையன் போலச் சிரித்தார்.

நான் ஓட்டினேன். முதலில் மெல்லத்தான். ஆச்சி ஒரு கையை வெளியே நீட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டார்கள். விரல்களுக்கு நடுவே தண்ணீர் கிழிந்து போவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார்கள். கரையை விட்டு ஆழமில்லாத மேற்குப் பக்கம் வந்திருப்போம். கரையில் நிற்பவர்கள் வாயடைத்துப் போகட்டும் என்று நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

"மெல்ல, மெல்ல" என்றார் செட்டியார்.

முன்பக்கம் வெடி வெடித்தது போல ஒரு சத்தம். ஒரு பலகை ஸ்க்ரூக்களைப் பிடுங்கிக்கொண்டு கழன்றது. அடுத்ததும் கழன்றது. மடை திறந்தது போலத் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. இன்ஜின் கனத்துக்குப் படகு நேராக இறங்கிச் சேற்றில் உட்கார்ந்தது. ஹெட்லைட் மட்டும் வெளியே தெரிந்தது.

ஆச்சி மார்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். கரையில் முதலில் யாரோ ஒருவர்தான் சிரித்தார். அப்புறம் எல்லோரும். ஆச்சி செட்டியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, கரையை நோக்கிச் சேற்றில் நடந்தார்கள். நான் பின்னாலேயே போனேன், மிதந்த ரெக்ஸின் மெத்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. அதை எதற்குத் தூக்கினேன் என்று இன்றுவரை தெரியாது.

"ஆச்சி, கப்பல் சவாரி எப்படி?" என்றார் அதே தம்பி.

ஆச்சி முந்தானையைப் பிழிந்தார்கள். "நான் போயிட்டு வந்துட்டேன். நீங்க கரையிலதான நின்னீக." பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பு, ஒனக்கு அடி கிடி படலியே?" என்றார்கள்.

அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

5. மறுபடி அந்தக் கதவு

லாரியில் பட்டறைக்குத் திரும்பினோம். தூறிக்கொண்டிருந்தது. மாற்றுத் துணி எடுக்க மேஸ்திரி ஸ்டோர் ரூமுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. தோளைக் கொடுத்தவர், இடிக்காமல் அப்படியே நின்றுவிட்டார். கதவின் ஓரத்தை விரலால் தடவினார்.

"டேய்" என்றார். "பலகை ஊறுனாப் பெருக்கும்டா."

நானும் கதவின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"வருசா வருசம் நான்தானடா எழைக்கிறேன்!" என்று சொல்லிவிட்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்தார்.

காய்ந்து சுருங்கிய பலகை, தண்ணீர் குடித்தால் விரியும். விரிவதற்கு இருந்த இடத்தையெல்லாம் நாங்கள் பட்டை அடித்து அடைத்துவிட்டோம். போக இடமில்லாமல் பலகைகள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளி ஸ்க்ரூவைப் பிடுங்கிக்கொண்டன. ரங்கூனில் கட்டியவர்கள் இடம் விட்டுக் கட்டினார்கள். அதனால்தான் முதல் இரண்டு நாள் ஒழுகியது, அப்புறம் தானாக அடைபட்டது. செட்டியார் அதைத் தன் வாயாலேயே எங்களிடம் சொன்னார். நாங்கள் அதைப் பாராட்டு என்று கேட்டுக்கொண்டோம்.

6. மிதந்தது

படகைத் தூக்கிக் கொண்டுவந்தோம். அடித்த பட்டை அத்தனையும் பிடுங்கினோம். இடுக்குகளில் பஞ்சுத் திரியும் குங்கிலியப் பிசினும் லேசாக வைத்தோம். ஜீப் இன்ஜினை எடுத்துவிட்டேன். மூலையில் கிடந்த பழைய இன்ஜினைத் துரு நீக்கி, சிலிண்டரைக் கடைந்து போரிங் செய்து, கையால் சுற்றி ஓடவைத்தேன். தகர மூக்கையும் கழற்றினேன். வேலை முடிவதற்குள் கண்மாய் வற்றிவிட்டது. அடுத்த மழை ஏமாற்றியது. அதற்கடுத்த மழைக்குத்தான் நிறைந்தது.

இந்த முறை இறக்கியதும் சல்லடை போல ஒழுகியது. பார்த்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். நாங்கள் இறைத்துக்கொண்டே இருந்தோம். இரண்டாம் நாள் பாதியாகக் குறைந்தது. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார், கண்மாயையா படகையா என்று தெரியவில்லை. செட்டியார் காரை அனுப்பி ஆச்சியை வரவழைத்தார்.

ஆச்சி கரையோடு நின்றுவிட்டார்கள்.

"நான் ஒரு தடவைன்னுதான சொன்னேன். ஏறிட்டேன்."

"அது கணக்குல சேராது" என்றார் செட்டியார். "அது பாதியில முங்கிப்போச்சு."

"தண்ணியில நின்னவ நான். சேருமா சேராதான்னு நான்தான் சொல்லணும். நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கிட்டு நின்னு பாக்குறேன்."

கோபம் எதுவும் இல்லை. சொன்ன சொல், அவ்வளவுதான். செட்டியார் தனியாக ஏறி, சீட்டில் ஒரு ஓரமாக, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். பழைய இன்ஜின் டப்பு டப்பு என்று மெதுவாகப் போயிற்று. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆச்சி நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்ததும், "நனையலியே?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றார் செட்டியார். இரண்டு பேரும் காரில் ஏறிப் போனார்கள்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது: மரவேலையில் இடைவெளி விட்டுக் கட்டு. காய்ந்த மரத்தைக் காய்ந்த நிலையில் பார்த்து முடிவு செய்யாதே. பழைய பொருள் எது வந்தாலும், அது முன்னால் எப்படி ஒழுகியது, எப்படிச் சத்தம் போட்டது என்று கொண்டுவந்தவரிடம் கேள். அவர் பாராட்டினால், திருப்பி இன்னொரு தரம் கேள்.

"கப்பல் மிதக்குதா?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் இல்லை. மிதந்தது, நன்றாகவே மிதந்தது என்று சொல்லலாம். சொன்னால் அடுத்தபடியாக, "அப்ப ஆச்சி ஏறினாகளா?" என்று கேட்பார்கள்.

அதனால்தான் ஜன்னலோரம் உட்காருவதில்லை.