பிரேக் அக்காவின் பெட்ரோல் விளக்கு

எங்கள் பக்கத்தில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேருக்கு பிரேக் அக்காதான் வாத்தியார். டிரைவிங் ஸ்கூல் என்று பலகை மட்டும்தான் பெரிது. உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வாசலில் ஒரே ஒரு பழைய கார். சொல்லித்தருகிறவர் உட்காரும் பக்கத்திலும் அந்தக் காரில் ஒரு பிரேக் உண்டு. பத்தொன்பது வருஷமாக அதன் மேலேயே காலை வைத்திருந்ததால் அக்காவுக்கு அந்தப் பெயர். அவள் ஷூ ஜோடியில் வலது அடி மட்டும் காகிதமாகத் தேய்ந்திருக்கும்.

நான் பல் டாக்டரிடம் உதவியாளர். நாள் முழுக்க அடுத்தவரை வாயைத் திறக்கச் சொல்கிற எனக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்தால் வாயடைத்துவிடும். நாற்பத்து நாலு வயதில் அக்காவிடம் போய்ச் சேர்ந்தேன். முதல் மூன்று வாரம் எனக்கும் சேர்த்து அவளே பிரேக் போட்டாள். நான் பெடலைத் தேடுவதற்குள் அவள் கால் முந்திக்கொள்ளும்.

அந்த மூன்று வாரமும் அக்கா சிரித்து நான் பார்க்கவில்லை. காரணம், பெட்ரோல் குறைந்தால் எரிய வேண்டிய ஒரு மஞ்சள் விளக்கு. வருஷத்துக்கு ஒரு முறை காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதிகாரி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, அக்காவை அவள் பக்கத்து பிரேக்கை மிதிக்கச் சொல்வார். இந்த வருஷம் அவள் மிதித்ததும் மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. பெட்ரோல் போட்டுக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாம் தடவை டாங்கி வழிய வழிய நிரப்பிக்கொண்டு போனாள். அப்போதும் எரிந்தது. மூன்றாவது தடவையும் தவறினால் ஸ்கூல் அனுமதி ரத்து. வேறு கார் வாங்குவதெல்லாம் நினைத்துப் பார்க்கக்கூட முடியாத விஷயம்.

அக்காவின் கொழுந்தனார் மெக்கானிக். நல்ல மனுஷன்தான், ஆனால் எந்தக் கோளாறானாலும் வண்டியைப் பார்க்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவார். பிரேக் போட்டால் டாங்கிக்குள் பெட்ரோல் அலைபாயும், அளவு பார்க்கும் மிதவை ஒரு நொடி கீழே இறங்கும், அதனால் விளக்கு எரிகிறது, மிதவையை மாற்ற வேண்டும் என்றார். அந்தக் காருக்கு மிதவை செய்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது என்பதையும் அவரே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "லைட்டுக்குப் போற ஒயரை வெட்டிடலாம் அண்ணி. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"இந்த லைட் எரிஞ்சா பங்க்குக்குப் போங்கன்னு நான்தான் எல்லாருக்கும் சொல்லித்தர்றேன். அதையே ஊமையாக்கிட்டு எந்த மூஞ்சியோட பாடம் நடத்துவேன்?" என்றாள் அக்கா.

பரிசோதனைக்கு நாலு நாள் இருக்கும்போது, சந்து முனையில் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. எனக்கு என்ன ஆனதோ, அக்காவை முந்திக்கொண்டு பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டேன். கார் குலுங்கி நின்றது. நாய் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. பாராட்டுவாள் என்று அக்காவைப் பார்த்தால் அவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு எரியவில்லை.

"இப்ப மட்டும் பெட்ரோல் அலைபாயலையா?" என்று கேட்டாள்.

நேரே காலி மைதானத்துக்கு விடச் சொன்னாள். நான் பத்துத் தடவை பிரேக் போட்டேன். ஒரு தடவைகூட எரியவில்லை. அடுத்து அவள் தன் பக்கத்து பிரேக்கைப் பத்துத் தடவை போட்டாள். எட்டுத் தடவை எரிந்தது. கடைசியாகக் காரை நிறுத்தி, சாவியைத் திருப்பி மட்டும் வைத்துக்கொண்டு மிதித்தாள். அசையாத காரிலும் எரிந்தது. நான் சீட்டில் உட்கார்ந்தபடியே கைதட்டினேன்.

அக்கா இன்னும் நம்பவில்லை. பின் சீட்டைத் தூக்கி, டாங்கியிலிருந்து வரும் ஒயரின் பிளக்கைக் கழற்றினாள். மறுபடி மிதித்தாள். டாங்கியோடு தொடர்பே இல்லாமல் விளக்கு எரிந்தது. பாவம் மிதவை, செய்யாத குற்றத்துக்கு இத்தனை நாளாகப் பழி சுமந்திருக்கிறது. பிளக்கை மாட்டிவிட்டு, தன் காலடியில் கிடந்த கால்மிதியையும் விரிப்பையும் உரித்தாள். பிரேக்கைத் தாங்கும் இரும்புத் தகட்டின் கீழ் அந்த விளக்குக்குப் போகும் ஒயர் நசுங்கிக் கிடந்தது. மேல்தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது. மிதிக்கும்போதெல்லாம் தகடு அதில் உரசி விளக்கை எரிய வைத்திருக்கிறது.

போன் போட்டதும் கொழுந்தனார் வந்தார். குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. போன வருஷம் விரிப்பு மாற்றியபோது அந்தத் தகட்டைக் கழற்றி மாட்டியது அவர்தான்.

"நான்தான் அண்ணி ஒயர் மேல வெச்சு முடுக்கியிருக்கேன்" என்றார்.

அக்கா திட்டவில்லை. ஒயருக்கு டேப் சுற்றி, குழாய் மாட்டி, தகட்டுக்கு எட்டாத தூரத்தில் கட்டச் சொன்னாள். அவர் கட்டி முடித்ததும் நாற்பது தடவை மிதித்துப் பார்த்தாள். நாற்பதையும் வாய்விட்டு எண்ணினாள். அவர் தலையில் விழுந்த நாற்பது குட்டு அவை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பரிசோதனை நாளன்று என்னையும் கூட்டிப்போனாள். அதிகாரி மிதிக்கச் சொன்னார், மிதித்தாள். இன்னொரு தடவை என்றார், இன்னொரு தடவை மிதித்தாள். அவர் முகத்தில் சந்தேகம் அப்பட்டமாகத் தெரிந்தது. பல்பைக் கழற்றிவிட்டாளோ என்று சாவியை அணைத்துத் திருப்பினார். எல்லா விளக்கோடும் மஞ்சள் விளக்கும் ஒரு கணம் எரிந்து ஒழுங்காக அணைந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அக்கா அந்தத் தாளை நாலாக மடித்துக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"நீயே ஓட்டு" என்று சாவியைக் கொடுத்தாள். ஏறியதும் ஷூவைக் கழற்றினாள். பத்தொன்பது வருஷமாக பிரேக்கை விட்டு நகராத காலை மடக்கி, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சிக்னலில் நானே நிறுத்தினேன், திருப்பத்தில் நானே வேகம் குறைத்தேன்.

பாதி வழியில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

அக்கா தன் காலைப் பார்த்தாள். அது மடியில் இருந்தது. பிறகு பெட்ரோல் முள்ளைப் பார்த்தாள். முள் அடியில் கிடந்தது. ஒயர் சரியானதிலிருந்து வீம்புக்கு ஒரு சொட்டு பெட்ரோல்கூட அவள் போட்டிருக்கவில்லை.

அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "பாடத்தை மறந்துட்டியா? பங்க்குக்கு விடு" என்றாள். சம்மணத்தைக் கலைக்கவே இல்லை.