துறைமுக வரிசையில் என் காதுகுத்து

எனக்குக் காது குத்தியது கோயிலிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. மெட்ராஸ் துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் நின்ற ஒரு லாரிக்குள். சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை, சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

1991இல் நாங்கள் மண்ணூரில் இருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். என் மாமாவோ ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கம்பெனிச் சரக்கைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போகும் லாரி டிரைவர். அப்போது துறைமுகத்தை விரிவாக்கிப் பெரிய கிரேன் வைத்திருந்தார்கள். "இனிமே காலையில போனா மத்தியானம் வூட்ல கீறேன்கா" என்று மாமா அம்மாவிடம் பீற்றிக்கொண்டார். பாவம், நடந்தது வேறு. இடம் பெரிசானதும் கப்பல்கள் கூடின, லாரிகள் கூடின. உள்ளே விடும் வாசல் மட்டும் அதே பழைய வாசல். கிரேன் ஓடிய வேகத்துக்கு வாசல் ஓடவில்லை. மாமா நாள்கணக்கில் வரிசையிலேயே கிடந்தார். என் காதுகுத்து இரண்டு முறை தள்ளிப்போனது.

மூன்றாவது தடவையும் மாமா வந்து சேரவில்லை. மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆவணி வருவதற்குள் எனக்கு ஆறு வயதாகிவிடும். இரட்டைப்படை வயதில் குத்த மாட்டார்கள்.

"பெரியப்பா மடியில வச்சு குத்தினா இன்னா?" என்றார் அப்பா.

அம்மா பொங்கிவிட்டாள். "என் தம்பி உசுரோட கீறான்யா! அவன் வர முடியலன்னா நாம போவோம்."

காது குத்தும் பத்தரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். ராயபுரத்தில் இறங்கினால், கண்ணுக்கு எட்டியவரை லாரிகள். அம்மா ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்து, கடைசியில் தம்பியைக் கண்டுபிடித்தாள்.

"வரிசைய வுட்டா கடைசிக்குப் போவணும்கா!" மாமா பதறினார்.

"நீ எறங்கவே வேணாம். மடிய காட்டு, போதும்."

எல்லோரும் லாரிக்குள் ஏறி, நான் மாமா மடியில் உட்கார்ந்ததும் துறைமுக மதிலுக்கு மேலே அதைப் பார்த்தேன். அம்மாடி! வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது கிரேன். எங்கள் வீட்டைவிடப் பெரிய இரும்புப் பெட்டியை, அம்மா இட்லித் தட்டைத் தூக்குவதுபோல அலுங்காமல் தூக்கிக் கப்பலுக்குள் இறக்கியது. நான் வாயைப் பிளந்த நேரத்தில் பத்தர் ஒரு காதைக் குத்திவிட்டார். அழக்கூடத் தோன்றவில்லை.

அப்போது பார்த்துத்தானா வரிசை நகர வேண்டும்! முன்னால் இருந்த லாரிகள் போய்விட்டன. கையகல இடைவெளி கிடைத்தாலே வண்டியை நுழைத்துவிடும் வரிசை அது. பின்னால் ஹாரன் அலறியது. மாமாவின் கால் கிளட்சுக்குப் போனது. அம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள்: "கொழந்தைக்குக் காது குத்திகினு கீறோம்பா! இன்னும் ஒரு காது பாக்கி!"

ஹாரன்கள் ஒவ்வொன்றாக நின்றன. டிரைவர்கள் இறங்கி வந்து எங்கள் லாரியைச் சுற்றி நின்றார்கள். பத்தர் நிதானமாக அடுத்த காதைக் குத்தினார்.

"மாமா, இவங்கெல்லாம் கிரேன் பாக்கவா நின்னுகினு கீறாங்க?" என்று கேட்டேன்.

"ஆமாடா கண்ணு" என்று மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உலகத்திலேயே பெரிய அதிசயத்தைப் பார்த்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். எங்களுக்கு முன்னால் சாலை வெறுமையாகத் திறந்து கிடந்தும், அன்று ஒரு லாரிகூட எங்களை முந்திப் போகவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.